விலகிய தோளை இழுத்துவிட்டால் போதுமா?

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத் தேரின் வடம் பிடிக்கத் தோள் வேண்டும். ராஜபாளையம் மில்லில் பஞ்சுப் பொதியைப் புரட்டவும் தோள் வேண்டும். உழைக்கும் குடும்பத்துக்குத் தோள்தான் சொத்து!

அந்தத் தோள் மூட்டு ஒரு நாள் விலகி விடுகிறது. பக்கத்தில் இருப்பவர்கள் கையைப் பிடித்து இழுத்து விடுகிறார்கள். எலும்பு உட்கார்ந்து விடுகிறது, வலி குறைகிறது. "சரியாகி விட்டது" என்று வேலைக்குப் போகிறார். சில மாதங்களில் மறுபடியும் விலகுகிறது. பிறகு சட்டை மாட்டும்போதுகூட விலகுகிறது!

இது ஏன்?

தோளில் பந்து போன்ற எலும்பு ஒன்று, ஆழமில்லாத கிண்ணத்தில் இருக்கிறது. தட்டில் வைத்த எலுமிச்சம்பழம் மாதிரி. அது உருண்டு விடாமல் கிண்ணத்தின் விளிம்பில் ஒரு வளையம் தடுக்கிறது. பந்து விலகும்போது இந்த வளையம் கிழிகிறது. இழுத்துவிட்டால் பந்து திரும்பி வரும். கிழிந்த வளையம் பல நேரம் ஒட்டுவதில்லை.

இந்தக் கிழிசலை லண்டன் டாக்டர் பாங்கார்ட் 1923ல் எடுத்துச் சொன்னார். வளையத்தை எலும்போடு சேர்த்துத் தைக்கும் ஆபரேஷனுக்கு அவர் பெயரே வழங்குகிறது. இன்று சிறு துளைகள் வழியாகவே அதைச் செய்கிறார்கள். கிண்ணத்தின் எலும்பு மிகவும் தேய்ந்து போயிருந்தால், பக்கத்து எலும்புத் துண்டு ஒன்றை எடுத்து அங்கே திருகாணியால் பொருத்துகிறார்கள். இந்த முறையை பிரான்சு டாக்டர் லாட்டார்ஜே 1954ல் வெளியிட்டார்.

எல்லோருக்கும் ஆபரேஷன் தேவையில்லை. பலருக்குத் தேகப் பயிற்சியே போதும். ஆனால் இருபது வயதுக்குள் தோள் விலகியவர்களில் பாதிப் பேருக்கு மேல் மறுபடியும் விலகுகிறது. ஆகவே இளைஞர்கள் டாக்டரிடம் காட்டாமல் இருப்பது தவறு.

"நாலைந்து மாதம் கனமான வேலை செய்ய முடியாதே, கூலி போகுமே!" என்பார்கள். நியாயமான கவலைதான். ஆனால் ஒவ்வொரு முறை விலகும்போதும் எலும்பு தேயலாம். சின்ன ஆபரேஷனில் முடிவது பெரிய ஆபரேஷன் ஆகிவிடும். அப்போது போகும் கூலி இன்னும் அதிகம் அல்லவா?

இ.எஸ்.ஐ.யில் சேர்ந்த தொழிலாளி, நிபந்தனைகளுக்கு உட்பட்டு, நோய்க்கால உதவியாக ஆண்டுக்கு 91 நாள் வரை 70 சதவீத ஊதியம் பெறலாம். வேலையில் பட்ட காயம் என்றால் 90 சதவீதம். கேட்டுப் பெறுவது உரிமை. திரும்பி வரும் தொழிலாளிக்குச் சில மாதம் இலகுவான வேலை தருவது முதலாளியின் கடமை. இ.எஸ்.ஐ.யில் சேராத அன்றாடக் கூலிக்காரருக்கு இந்த வசதி இல்லை. அவர் அரசாங்கக் காப்பீட்டு அட்டையில் இந்தச் சிகிச்சை உண்டா என்று ஆஸ்பத்திரியில் முதலிலேயே விசாரிக்க வேண்டும்.

ஆபரேஷனுக்குப் பிறகும் சிலருக்குத் தோள் விலகுவது உண்டு. அதனால்தான் டாக்டர் சொல்லும் பயிற்சியைப் பாதியில் விடக் கூடாது.

தோள் விலகினால் இழுக்காதீர்கள். பக்கத்தில் நரம்பும் ரத்தக் குழாயும் ஓடுகின்றன. எலும்பு முறிந்தும் இருக்கலாம். கையைத் துண்டில் தொங்கவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். எக்ஸ்ரே எடுங்கள்.

வீட்டைத் தாங்கும் தோளை, வீடும் தாங்க வேண்டும்!