காய்ந்துபோகாத களிமண்

விலை கொடுத்து வாங்கிய பாலிமர் களிமண் கல்லாக இறுகினால், 'காய்ந்துவிட்டது' என்று தண்ணீர் தெளிக்கிறோம். அந்தச் சொல்லே தவறு, நண்பர்களே! இதில் ஈரம் ஏது? இருப்பவை பி.வி.சி. துகள்களும், அவற்றை நெகிழவைக்கும் எண்ணெய் போன்ற திரவமும். நீர் இதில் கலக்காது.

சீவி, ஓரிரு சொட்டுத் திரவ பாரஃபின் விட்டு நெடுநேரம் பிசையுங்கள், கைச்சூடும் உதவும். தாம்பரத்து மே மாத வெயிலில், தகரக் கூரையடியில் கிடந்ததென்றால் சந்தேகம்தான். வெப்பத்தில் துகள்கள் திரவத்தை உறிஞ்சி ஒன்றோடொன்று ஒட்டத் தொடங்கியிருக்கும். முழுதும் வெந்தது மீளாது.

இளக்குவதற்காக அடுப்பில் மட்டும் வைக்காதீர்கள்! சுமார் 130 டிகிரி செல்சியஸில் வேகும் இப்பொருள் கருகினால், மூக்கையும் நுரையீரலையும் புண்ணாக்கும் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வெளிவரும். என்னைக் கேட்டால், பழகுவதற்கு ஏரிக்களிமண்ணே மேல். சுடாதவரை, எத்தனை முறை காய்ந்தாலும் ஒரு குவளை நீர் போதும்.