சால்வடோரின் பிலாலை நாம் அறிவோமா?

பூமியில் பயணம் செய்து, முன்சென்றோரின் நிலையைக் கண்டு படிப்பினை பெறுமாறு இறைமறை நம்மைப் பலமுறை பணிக்கிறது. நம் பயணங்களிலோ படங்கள் மிஞ்சுகின்றன; படிப்பினை மிஞ்சுவதில்லை. பிரேசிலின் சால்வடோர் நகரில் கழித்த ஒரு பகல் இதை எனக்கு உணர்த்தியது.

1549இல் போர்த்துக்கேயர் நிறுவிய அந்நகரம், செங்குத்தான மலைச்சரிவின் மேலும் கீழுமாக இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. 72 மீட்டர் உயரமுள்ள லசெர்டா மின்தூக்கி 1873 முதல் அவ்விரண்டையும் இணைத்து வருகிறது. நண்பர் ஒருவர் வழியாக அறிமுகமான உள்ளூர்த் தம்பதியர் அன்று எனக்கு வழிகாட்டினர். அவர்கள் கிறிஸ்தவர்கள். காராமணி மாவைச் செம்பனை எண்ணெயில் பொரித்து விற்கும் பெண்மணியிடம், அதில் சேர்ந்தவை யாவை என்று எனக்காக ஒவ்வொன்றாக விசாரித்தார்கள். லுஹர் நேரம் வந்ததும் நிழலான இடம் தேடித் தந்து, நான் தொழுது முடிக்கும்வரை காத்திருந்தார்கள்.

பின்னர், மின்தூக்கியின் மேல்வாயிலை அடுத்த சதுக்கத்தில் உள்ள நகர மன்றக் கட்டடத்தைக் காட்டி, "இதன் அடித்தளத்தில்தான் உங்கள் பிலால் சிறையிருந்தார்" என்றார் அந்தச் சகோதரர். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

அவர் விளக்கினார். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட முஸ்லிம்களை அங்கே 'மாலே' என்று அழைத்தனர். விட்டோரியா பகுதியில் ஓர் ஆங்கிலேயரின் வீட்டுப் பின்புறக் குடிசையில் கூடி, தொழுது, அரபு எழுத்துகளைக் கற்பித்து வந்தனர். அவர்களின் மதிப்பிற்குரிய பெரியவர் பசிஃபிகோ லிகுதான். முஸ்லிம் பெயர் பிலால். எசமானரின் கடனுக்காக அவரைச் சிறைப்படுத்தியிருந்தனர். முஸ்லிம்கள் பணம் திரட்டி அவரை விடுவிக்க முன்வந்தும் எசமானர் இணங்கவில்லை.

1835 ஜனவரி 24 இரவு, ரமளானின் கடைசிப் பத்தில், காட்டிக்கொடுக்கப்பட்டதால் குறித்த நேரத்திற்கு முன்னரே கிளர்ச்சி வெடித்தது. அருகிலுள்ள சரிவுத் தெருவான லதேரா த ப்ராசாவில் தொடங்கியவர்கள், முதலில் இச்சிறையைத் தாக்கினர். பிலாலை மீட்க இயலவில்லை. மேட்டிலும் பள்ளத்திலும் போரிட்டு, கீழ்நகரின் கடலோரத்தில் வீழ்ந்தனர். மாண்டோர் சுமார் 70 பேர். அவ்விரவு முழுதும் சிறைக்குள்ளேயே இருந்த பிலாலுக்கும் 1,200 கசையடிகள் தண்டனையாக விதிக்கப்பட்டன. அரபு எழுதிய தாள் வைத்திருந்ததே குற்றத்திற்குச் சான்றாயிற்று. அத்தாள்கள் சில இன்றும் பயீயா அரசு ஆவணக் காப்பகத்தில் உள்ளன.

கேட்டு முடித்ததும் அந்த அம்மையார் வினவினார்: "உங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு இவர்கள் கதையைச் சொல்லித் தருகிறீர்கள்தானே?" நான் தலைகுனிந்தேன். நம் சகோதரர்களின் நினைவை மாற்று மதத்தார் காத்து வர, நாமோ அவர்களின் பெயரைக்கூட அறிந்திருக்கவில்லை.

அவர்களின் வீரத்தை மட்டும் போற்றி அமைவது போதாது என்பதே என் கருத்து. பகலெல்லாம் பிறருக்கு உழைத்து, இரவில் ஒளிந்து ஓர் எழுத்தைக் கற்றார்களே, அதுவே பெரிது. தண்டனை, நாடுகடத்தல், கண்காணிப்பு ஆகியவற்றால் அந்தக் கற்பித்தல் நொறுங்கியது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திற்குள் அச்சமூகமும் பெரும்பாலும் மறைந்துபோயிற்று. ஓதிக்கொடுப்பது நின்றால் ஈமான் அடுத்த தலைமுறையைச் சென்றடைவது அரிது.

நம்மை யாரும் தடுக்கவில்லை. மத்ரஸா தெருமுனையிலேயே இருக்கிறது. ஆயினும் தனிப்பயிற்சி வகுப்புக்கு நேரமாகிறது என்று முதலில் நிறுத்துவது அதைத்தான். அன்றைய பிலாலின் முன் இதற்கு என்ன காரணம் சொல்வோம்?

அம்மக்களின் தியாகத்தை அல்லாஹ் ஏற்றுக்கொள்வானாக! வழிகாட்டிய அந்த நல்லுள்ளங்களுக்கு நேர்வழியும் நற்பேறும் அருள்வானாக! ஆமீன்.