வீட்டு உரிமையாளர் அரசு என்றால் குடியிருப்போருக்குச் சட்டம் கிடையாதா?

தனியார் ஒருவரின் வீட்டில் வாடகைக்குக் குடியிருப்பவருக்கு, அரைகுறையாகவேனும் ஒரு சட்டம் இருக்கிறது. உரிமையாளர் நினைத்த மாத்திரத்தில் அவரை வீதியில் தள்ளிவிட முடியாது. பழுது பார்க்கவில்லை என்றால் முறையிட ஓர் இடம் உண்டு. அதே உழைப்பாளி, அரசோ நகராட்சியோ வாரியமோ கட்டிய வீட்டில் குடியேறியவுடன் அந்தச் சட்டம் வாசற்படியோடு நின்றுவிடுகிறது. கர்நாடகத்தின் 1999ஆம் ஆண்டு வாடகைச் சட்டம், மாநில அரசுக்கும் உள்ளாட்சி அமைப்புகளுக்கும் சொந்தமான கட்டடங்களுக்குத் தான் பொருந்தாது என்கிறது. தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டுச் சட்டமும் அவ்வாறே விலக்கு அளிக்கிறது. 2021இல் ஒன்றிய அரசு மாநிலங்களுக்கு அனுப்பிய மாதிரி வாடகைச் சட்டமும் அதே வழியில்தான் நடக்கிறது.

பழுதுபார்க்கச் சட்டம் இல்லை. ஆனால் வெளியேற்றச் சட்டம் உண்டு. பொதுக் கட்டடங்களிலிருந்து 'அனுமதியற்ற குடியிருப்போரை' அகற்றும் சட்டத்தைக் கர்நாடகம் 1974இலும் தமிழ்நாடு 1975இலும் இயற்றிக்கொண்டன. வீட்டின் சொந்தக்காரர் அரசு. வெளியேற்ற ஆணையிடும் அதிகாரியும் அரசின் அதிகாரியே. வழக்காடுபவரே நீதிபதியாகவும் அமரும் இந்த ஏற்பாட்டுக்கு 'ஏழைகளுக்கான வீட்டுவசதி' என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள்.

காவிரி இரு கிளையாகப் பிரிந்து சூழும் ஸ்ரீரங்கப்பட்டணத்தையே எடுத்துக்கொள்வோம். கோட்டைச் சுவர், ரங்கநாதர் கோயில், ஜும்மா மசூதி, தரியா தௌலத், கும்பஸ் என ஒன்றிய அரசின் பாதுகாப்பில் உள்ள நினைவுச்சின்னங்கள் நிறைந்த சிறுநகரம் அது. இத்தகைய சின்னங்களைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதிய கட்டுமானம் கூடாது, அதற்கப்பால் 200 மீட்டர் வரை அனுமதி பெற்றே கட்ட வேண்டும் என்கிறது 2010ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம். வரலாற்றைக் காக்க வேண்டும் என்பதில் நமக்கு மறுப்பில்லை. கேள்வி வேறு. பழைய வீட்டைப் பழுதுபார்க்கவே அனுமதிக்கு அலைய வேண்டிய ஊரில், சொந்த மனையே இல்லாத கூலித் தொழிலாளி எங்கே போவார்?

அவருக்கு அரசு தரும் பதில் 'பிரதம மந்திரி வீட்டுவசதித் திட்டம்'. 2015இல் தொடங்கிய அத்திட்டத்தின் நகர்ப்புறப் பிரிவில் மிகப் பெரும்பகுதி, சொந்த நிலத்தில் வீடு கட்டிக்கொள்பவருக்கு வழங்கும் மானியமே. மனைப் பத்திரம் வைத்திருப்பவர் விண்ணப்பிக்கலாம். ஓர் அறையை வாடகைக்கு எடுத்து ஐந்து பேராக வாழும் குடும்பம் பட்டியலுக்குள்ளேயே வராது. நிலமற்றவருக்கு நிலமுள்ளவரின் திட்டத்தைக் காட்டுவது, பசித்தவனிடம் அடுப்புக்கு மானியம் தருவதைப் போன்றது.

வாடகை வீடுகளை அரசே தரலாம் என்ற எண்ணம் ஆட்சியாளர்களுக்கு வராமலில்லை. 2020இல் பொதுமுடக்கத்தின்போது புலம்பெயர் தொழிலாளர்கள் நெடுஞ்சாலைகளில் நடந்தே ஊர் திரும்பியதை உலகம் பார்த்த பிறகு, 'குறைந்த வாடகைக் குடியிருப்பு வளாகங்கள்' என்ற திட்டத்தை ஒன்றிய அரசு அறிவித்தது. முந்தைய திட்டங்களில் கட்டி நாடெங்கும் பூட்டிக் கிடந்த ஏறத்தாழ 83 ஆயிரம் வீடுகளை வாடகைக்குத் திறந்துவிடுவதாகச் சொன்னார்கள். ஆண்டுகள் ஓடியும் அவ்வாறு மாற்றப்பட்டவை ஆறாயிரத்தைக்கூட எட்டவில்லை. வீடும் இருந்தது, வீடற்றவரும் இருந்தார். இடையில் பூட்டு மட்டும் அப்படியே தொங்கியது.

வீட்டை உள்ளாட்சியே கட்டித் தந்த இடத்தில் என்ன நடந்தது? பெங்களூரு ஈஜிபுரா அதற்குச் சாட்சி. நலிவுற்ற பிரிவினருக்காக அங்கே மாநகராட்சி 1,512 வீடுகளைக் கட்டியது. தரமற்ற கட்டுமானமும் பராமரிப்பின்மையும் சில ஆண்டுகளிலேயே அவற்றை அரித்தன. 2007இல் ஒரு தொகுதி இடிந்து விழுந்தது. கட்டியவர்கள் தண்டிக்கப்படவில்லை, குடியிருந்தவர்களே தண்டிக்கப்பட்டார்கள். ஏறத்தாழ 22 ஏக்கர் நிலம் தனியாருடனான கூட்டுத் திட்டத்துக்குப் போயிற்று: ஒரு பகுதியில் ஏழைகளுக்கு அடுக்ககம், மறு பகுதியில் வணிக வளாகம். அங்கே தகரக் கொட்டகைகளில் தங்கியிருந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களின் உறைவிடங்களை 2013 ஜனவரியில் புல்டோசர்கள் தரைமட்டமாக்கின. மாற்று இடமின்றிப் பல குடும்பங்கள் எதிரிலிருந்த நடைபாதையிலேயே காலம் தள்ளின. காலி செய்யப்பட்ட நிலமோ ஆண்டுக்கணக்கில் வேலிக்குள் வெறுமையாய்க் கிடந்தது. அத்தனை அவசரமும் யாருக்காக?

சென்னையின் கதையும் இதற்கு மாறானதன்று. 2021 ஆகஸ்ட்டில் புளியந்தோப்பு கேசவப் பிள்ளை பூங்காவின் புதிய அடுக்ககத்தில், கையால் தொட்டாலே சுவர்ப்பூச்சு உதிர்ந்தது. இரண்டு பொறியாளர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டனர். அதே ஆண்டு டிசம்பர் 27 அன்று திருவொற்றியூர் அறிவாக்குளத்தில் வாரியக் குடியிருப்பின் ஒரு தொகுதி 24 வீடுகளோடு சரிந்தது. விரிசலைக் கண்டு மக்கள் முன்கூட்டியே வெளியேறியதால் உயிர்கள் தப்பின. அவர்களைக் காத்தது எந்த அரசு ஆய்வுமன்று. சுவரைக் கண்காணித்த அவர்களது கண்களே.

1970இல் தொடங்கிய குடிசை மாற்று வாரியம், 2021இல் 'நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்' எனப் பெயர் மாறியது. கூடவே 'நம் குடியிருப்பு, நம் பொறுப்பு' என்ற திட்டமும் வந்தது. ஒவ்வொரு குடியிருப்பிலும் நலச் சங்கம் அமைக்க வேண்டும். சங்கம் பராமரிப்புக்காக எவ்வளவு வசூலிக்கிறதோ, அதற்கு இணையான தொகையை அரசு தரும். கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும். சற்றே சிந்தித்தால் உள்ளிருக்கும் அநீதி தெரியும். நகரத்தின் நடுவே வேலையுள்ள குடும்பங்கள் வாழும் குடியிருப்பு அதிகம் வசூலிக்கும். அரசிடமும் அதிகம் பெறும். நகரிலிருந்து பிடுங்கிப் பெரும்பாக்கத்தில் நட்டதால் வேலையை இழந்த குடும்பங்கள் குறைவாகவே வசூலிக்க முடியும். அவர்களுக்கு அரசும் குறைவாகவே தரும். தேவை மிகுந்த இடத்துக்கு நிதி சுருங்குகிறது. எட்டடுக்குக் கட்டடத்தில் மின்தூக்கி நின்றுபோனால், மேல்தளத்து மூதாட்டி யாரிடம் கேட்பது? 'உங்கள் சங்கத்திடம் கேளுங்கள்' என்பதே அரசின் பதில்.

"மக்கள் பராமரிப்புத் தொகை கட்டுவதில்லை, வீட்டைப் பேணுவதில்லை" என்பது அதிகாரிகளின் வாடிக்கையான வாதம். படிக்கட்டைப் பெருக்குவதும் குப்பையைப் பிரித்துப் போடுவதும் குடியிருப்போர் பொறுப்பு என்பதை எவரும் மறுக்கவில்லை. ஆனால் சிமெண்டில் மணலைக் கூட்டியது குடியிருப்போரா? கழிவுநீர்க் குழாயின் அளவைக் குறைத்தது அவர்களா? ஒப்பந்ததாரர் செய்த பிழைக்கு வீட்டுவேலை செய்யும் பெண்ணிடம் சந்தா கேட்பது பொறுப்புணர்வைக் கற்பிப்பதாகாது, பொறுப்பைத் தட்டிக்கழிப்பதாகும்.

பிற நாடுகளின் அனுபவம் சொல்வதும் இதையே. 1915இல் கிளாஸ்கோ நகரத்து உழைக்கும் பெண்கள், மேரி பார்பர் போன்றோரின் தலைமையில், உயர்த்தப்பட்ட வாடகையைக் கட்ட மறுத்துப் போராடினர். அவ்வாண்டு இறுதிக்குள் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. 1919இல் நகராட்சிகள் வீடு கட்ட அரசே பணம் தரும் சட்டமும் வந்தது. 'சிவப்பு வியன்னா' 1923 முதல் 1934 வரை அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட நகராட்சி வீடுகளைக் கட்டியது. அதற்கான பணத்தின் ஒரு பகுதி, செல்வர்களின் மாளிகைகள் மீது படிப்படியாக உயரும் வரி விதித்துத் திரட்டப்பட்டது. துணி துவைக்கும் கூடம், குழந்தைகள் காப்பகம், நூலகம் ஆகியவை வீட்டோடு சேர்ந்தே வந்தன.

பின்னர் தாட்சர் அரசின் 1980ஆம் ஆண்டுச் சட்டம் பிரிட்டனின் நகராட்சி வீடுகளை விற்பனைக்குத் திறந்துவிட்டது. ஏறத்தாழ 20 லட்சம் வீடுகள் பொதுவுடைமையிலிருந்து நழுவின. எஞ்சிய வீடுகளில் பராமரிப்பு தேய்ந்தது. 2017 ஜூன் 14 அன்று லண்டனில் நகராட்சிக்குச் சொந்தமான கிரென்ஃபெல் அடுக்ககம் தீப்பற்றி 72 பேர் மாண்டனர். தீ ஆபத்து குறித்துக் குடியிருப்போர் முன்பே எச்சரித்திருந்தனர்; கேட்பாரில்லை. 2020இல் ராச்டேல் நகரில் பூஞ்சை படர்ந்த வாடகைக் குடியிருப்பில் வாழ்ந்த இரண்டு வயதுக் குழந்தை இறந்தது. அதன் பிறகே, ஆபத்தான குறைகளைக் காலவரையறைக்குள் சரிசெய்யக் கட்டாயப்படுத்தும் சட்டம் 2023இல் நிறைவேறியது. அங்கேகூட உரிமை, உயிர்ப்பலிக்குப் பின்னரே எழுத்தானது. இங்கே திருவொற்றியூரில் பலி நேராமல் தப்பித்ததனால்தான் சட்டமும் தப்பித்துக்கொண்டதா?

வீட்டுப் பிரச்சினையை முதலாளித்துவம் தீர்ப்பதில்லை, ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகர்த்துகிறது என்று 1872இலேயே எங்கெல்ஸ் விளக்கினார். கூவம் கரையிலிருந்து பெரும்பாக்கத்துக்கும், ஈஜிபுராவிலிருந்து நடைபாதைக்கும் நடந்தது அந்த நகர்த்தலே.

எனவே நமது கோரிக்கை கூடுதல் வீடுகள் என்பதோடு நின்றுவிடலாகாது. பொதுக் குடியிருப்புகளில் வாழ்வோருக்கென உரிமைச் சட்டம் வேண்டும். பழுதுக்குக் காலவரையறையும், தவறினால் இழப்பீடும் அதில் எழுதப்பட வேண்டும். ஒவ்வொரு கட்டடத்தின் உறுதித்தன்மை குறித்த ஆய்வறிக்கையும் குடியிருப்போர் படிக்கும் மொழியில் அங்கேயே ஒட்டப்பட வேண்டும். மின்தூக்கி, குடிநீர், கழிவுநீர், கட்டட உறுதி ஆகியவற்றின் செலவு முழுவதையும் அரசே ஏற்க வேண்டும். அருகிலேயே மாற்று வீடு தராமல் எவரையும் வெளியேற்றக் கூடாது. வாரியங்களில் குடியிருப்போரின் தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதிகள், பெண்கள் உட்பட, வாக்குரிமையோடு அமர வேண்டும். ஸ்ரீரங்கப்பட்டணம் போன்ற சிறுநகரங்களிலும், மனையற்றோருக்கு வேலையிடத்தின் அருகே நகராட்சி வாடகை வீடுகள் எழ வேண்டும்.

சாவியைக் கையில் கொடுத்துப் புகைப்படம் எடுத்துக்கொள்வதோடு அரசின் கடமை முடிந்துவிடுவதில்லை; வீட்டு உரிமையாளர் என்ற முறையில் அதன் கடமை அன்றுதான் தொடங்குகிறது. அந்தக் கடமையைச் சட்டமாக எழுதவைக்கும் வலிமை, தொகுதி தொகுதியாக, தெருத் தெருவாகக் குடியிருப்போர் அணிதிரள்வதில் இருக்கிறது. கிளாஸ்கோவின் பெண்கள் சமையலறைகளிலும் மாடிப்படிகளிலும் கூடித்தான் தொடங்கினார்கள். நம் குடியிருப்புகளிலும் மாடிப்படிகள் இருக்கின்றன.