நான்கு ஆண்டும் நூறு ஆண்டும்

அண்மையில் கொழும்பில் ஒரு கூட்டத்துக்குச் சென்றிருந்தேன். மலையக மக்களின் காணியுரிமை பற்றிப் பேச்சு வந்தபோது ஓய்வுபெற்ற அரச அதிகாரி ஒருவர் எழுந்தார். நிதானமான குரல், பண்பான சொற்கள். “அவர்கள் கப்பலேறி வேலைக்கு வந்தவர்கள். வேலைக்கு வந்தவனுக்கும் குடியிருக்க வந்தவனுக்கும் சட்டத்தில் வேறுபாடு உண்டல்லவா?” என்று கேட்டுவிட்டு அமர்ந்தார். அவையில் பலர் தலையசைத்தார்கள். தலையசைத்தவர்களுள் தமிழர்களும் இருந்தார்கள். அந்தத் தலையசைப்புத்தான் இதை எழுத வைக்கிறது.

சட்டத்தில் அப்படியொரு வேறுபாடு உண்டுதான். ஆனால் அதை ஆங்கிலச் சட்டம் எங்கே, எதற்காக அலசி ஆராய்ந்தது என்பதை அந்தப் பெரியவர் சொல்லவில்லை. அவருக்குப் பதிலாக நான் சொல்கிறேன். கதை கப்பலில்தான் தொடங்குகிறது. நம்மவர் வந்த கப்பலில் அல்ல.

1793 முதல் 1815 வரை, இடையில் ஒரு சிறு ஓய்வு நீங்கலாக, பிரித்தானியாவும் பிரான்ஸும் போரிட்டன. பாய்மரக் கப்பல்களின் காலம் அது. போர்க்கப்பல்கள் ஒன்றையொன்று தாக்கியதைவிட, எதிரியின் வணிகக் கப்பல்களை மடக்கிப் பிடிப்பதிலேயே கூடுதலான ஊக்கம் இருந்தது. நமது கடலும் இதற்கு விலக்கல்ல. 1805 யூலையில் காலிக்கு அப்பால், பிரெஞ்சுத் தளபதி லினுவா ‘பிரன்ஸ்விக்’ என்ற கிழக்கிந்தியக் கம்பனிக் கப்பலைச் சரக்கோடு கைப்பற்றினார். பிரித்தானியத் தரப்பிலும் அதே வேட்டைதான். 1708ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின் பிடித்த கப்பலின் விலை பிடித்தவர்களுக்கே போய்ச் சேர்ந்தது. கப்டனுக்குப் பெரும் பங்கு, கடைநிலை மாலுமிக்குச் சில்லறை.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கப்பலைப் பிடித்தவுடன் விற்றுவிட முடியாது. கைப்பற்றப்பட்ட கப்பல்களை விசாரிப்பதற்கென்றே நீதிமன்றங்கள் இருந்தன. கப்பலின் பத்திரங்களைப் பார்த்து, மாலுமிகளை விசாரித்து, இது எதிரியின் உடைமைதான் என்று நீதிபதி தீர்ப்பளித்த பிறகே ஏலம். நடுநிலை நாட்டு வணிகன் வந்து, “இது என் சரக்கு, திருப்பிக் கொடு” என்று வழக்காடலாம். வென்றால் திரும்பக் கிடைக்கும். தோற்றால் மேன்முறையீடு உண்டு.

ஆகவே ஒவ்வொரு வழக்கிலும் ஒரே கேள்விதான் திரும்பத் திரும்ப எழுந்தது: இந்தச் சரக்குக்கு உரியவன் எந்த நாட்டான்? 1798 முதல் 1828 வரை இலண்டனில் இவ்வழக்குகளை விசாரித்த சேர் வில்லியம் ஸ்கொட், பிற்காலத்தில் ஸ்டோவெல் பிரபு, இதற்குத் தந்த விடை தெளிவானது. எங்கே பிறந்தான் என்பதல்ல, எங்கே வாழ்ந்து தொழில் செய்கிறான் என்பதே முக்கியம்.

1800இல் ‘ஹார்மனி’ என்ற கப்பலின் வழக்கு வந்தது. மறே என்ற அமெரிக்க வணிகர் தமது வணிகக் கூட்டின் அலுவலாகப் பிரான்ஸுக்குப் போனவர். ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் அங்கேயே தங்கிவிட்டார். அமெரிக்கா நடுநிலை நாடு, தாம் அமெரிக்கர், ஆகவே சரக்கில் தமது பங்கைத் தரவேண்டும் என்பது அவர் வாதம். ஸ்கொட் மறுத்தார். ஒருவனின் வதிவிடத்தைத் தீர்மானிப்பதில் காலமே தலையாய கூறு என்றார். குறிப்பிட்ட ஒரு வேலைக்காக வந்தவன் நீண்டகாலம் தங்கிவிட்டால், வந்த நோக்கத்தின் மேலேயே நிலையான குடியிருப்பு வளர்ந்துவிடும் என்றும் விளக்கினார். மறேயின் பங்கு பறிபோயிற்று.

மறுவருடம் ‘இந்தியன் சீஃப்’ வழக்கு. கல்கத்தாவில் வணிகம் செய்துவந்த மில்லர், அங்கே அமெரிக்காவின் வணிகத் தூதராகவும் இருந்தவர். அமெரிக்க அரசே நியமித்த மனிதர்! ஆயினும், கல்கத்தாவில் பிரித்தானியப் பாதுகாப்பின் கீழ் வாழ்ந்து வணிகம் செய்பவர் வணிகத்தைப் பொறுத்தவரை பிரித்தானியரே என்றார் ஸ்கொட். பிரித்தானியர் எதிரியோடு வணிகம் செய்வது குற்றம். எனவே சரக்கு பறிமுதல். கீழைத்தேசங்களில் வந்தேறிய ஐரோப்பியர் உள்ளூர்ச் சமூகத்தோடு கலப்பதில்லை. எந்தக் கொடியின் நிழலில் வாழ்கிறார்களோ அந்தக் கொடிக்கே உரியவர்களாகிறார்கள் என்பது அத்தீர்ப்பின் சாரம்.

கொழும்பில் கேட்ட கேள்விக்கு இதோ விடை. வேலைக்கு வந்தவன் குடியிருப்பவன் ஆவானா? ஆவான். எத்தனை ஆண்டில்? மறேக்கு நான்கு ஆண்டு போதுமாக இருந்தது.

இனிப் பதுளைக்கு வருவோம்.

1815இல் கண்டி வீழ்ந்தது. 1817-18இல் ஊவா கிளர்ந்தெழுந்தது. அக்கிளர்ச்சியை அடக்கியபோது ஊவாவின் ஊர்கள் எரிக்கப்பட்டன, வயல்கள் பாழாக்கப்பட்டன. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உறுதி காட்ட முடியாத காட்டையும் தரிசையும் முடிக்குரியது என்றது. சிங்களக் குடியானவனுக்குச் சொந்தமான சேனை நிலம் ‘முடிக்குரிய’ நிலமாயிற்று. பிறகு கோப்பித் தோட்டமாயிற்று. கோப்பி நோயில் மடிந்தபின் தேயிலைத் தோட்டமாயிற்று. காலிக் கடலில் பிடிபட்ட கப்பலுக்கு ஒரு நீதிபதி இருந்தார்; ஊவாவின் குடியானவனுக்கு அப்படியொருவர் வாய்க்கவில்லை. அவனுடைய இழப்பை மறந்துவிட்டுத் தோட்டத் தொழிலாளியின் இழப்பை மட்டும் பேசுவது நேர்மையாகாது. இருவரிடமிருந்தும் எடுத்த கை ஒன்றே.

அந்த நிலத்தில் வேலை செய்ய மதுரை, திருச்சி, தஞ்சை, சேலம், இராமநாதபுரம் எனப் பல சீமைகளிலிருந்து நம்மவர் வந்தார்கள். பசறை, லுணுகலை, மடுல்சீமை, நமுனுகுல, அப்புத்தளை, பண்டாரவளை என்று மலை மலையாகப் பரவினார்கள். கங்காணியின் கடன் துண்டு 1921இல் ஒழிக்கப்படும்வரை அவர்களை ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்குக் கைமாற்றியது. 1924இல் பதுளைக்கு இரயில் வந்தபோது, அவ்வழி நெடுகிலும் லயங்களில் பேரப்பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். வந்த நோக்கத்தின் மேல் குடியிருப்பு வளர்ந்து, காய்த்து, விதையும் போட்டாயிற்று.

இப்போது அதே சட்ட மரபு என்ன செய்தது என்று பாருங்கள்.

டொனமூர் ஆணைக்குழு 1928இல் ஐந்தாண்டு வதிவு இருந்தால் வாக்குரிமை என்று பரிந்துரைத்தது. ஆனால் 1931இல் சட்டம் வந்தபோது ‘நிலையான வதிவிடம்’ என்ற நிபந்தனை உள்ளே நுழைந்திருந்தது. மறேயின் சரக்கைப் பறிக்கக் கதவை அகலத் திறந்த அதே சொல், நம்மவர் வாக்கைத் தடுக்கத் தாழ்ப்பாளாகத் திரும்பி வந்தது. அப்படியிருந்தும் 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. பதுளைத் தொகுதியின் எஸ். எம். சுப்பையா அவர்களுள் ஒருவர். மறு ஆண்டே 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. நீ எங்கே வாழ்கிறாய் என்று அது கேட்கவில்லை. உன் தந்தை எங்கே பிறந்தார், இல்லையேல் பாட்டனும் பூட்டனும் எங்கே பிறந்தார்கள் என்று கேட்டது. லயத்தில் பிறந்த தந்தைக்குப் பிறப்புச் சான்றிதழ் எங்கே கிடைக்கும்?

1949இல் பதிவுச் சட்டம் ஒன்று வந்தது. மணமானவருக்கு ஏழு ஆண்டு, மணமாகாதவருக்குப் பத்து ஆண்டு தொடர்ச்சியான வதிவை நிரூபிக்க வேண்டும். ஒரே பயணத்தில் பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் ஊரில் தங்கிவிட்டால் தொடர்ச்சி அறுந்தது. தாய்க்குக் கொள்ளி வைக்கப் போய்ச் சுகவீனப்பட்டுப் படுத்தவனுக்கும் அதே கணக்குத்தான். எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் சார்பில் விண்ணப்பங்கள் போயின. ஏறத்தாழ 1,34,000 பேருக்கே பிரசாவுரிமை கிடைத்தது. அதே 1949இல் தேர்தல் சட்டம் திருத்தப்பட்டது. 1952 தேர்தலில் காங்கிரஸின் ஆசனம் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

இதை எதிர்த்த வழக்கொன்று, கொடக்கான்பிள்ளை வழக்கு, 1953இல் இலண்டன் பிரிவிக் கவுன்சில் வரை சென்றது. வாசகர்கள் இங்கே சற்று நிற்க வேண்டும். கைப்பற்றப்பட்ட கப்பல்களின் மேன்முறையீடுகளை 1833 முதல் கேட்டுவந்ததும் இதே பிரிவிக் கவுன்சில்தான். காலமே வதிவிடத்தின் தலையாய கூறு என்ற மரபு அம்மன்றத்தின் சொந்த வீட்டுச் சொத்து. அது என்ன சொல்லிற்று? இந்தியத் தமிழரின் இடம்பெயரும் பழக்கம், அவர்கள் இலங்கைப் பிரசைகளாகத் தகுந்தவர்களா என்ற கேள்வியோடு நேரடித் தொடர்புடையது என்று சொல்லிச் சட்டத்தைச் சரியென்றது.

இடம்பெயரும் பழக்கம்! அமெரிக்காவிலிருந்து வந்து, பிரான்ஸில் வணிகம் செய்து, கடல்களுக்கு அப்பால் சரக்கனுப்பிய மனிதனுக்கு நான்கு ஆண்டில் வேர் பிடித்துவிட்டதாம். நமுனுகுல மலையில் கொழுந்தெடுத்து, அதே மலையில் பிள்ளை பெற்று, அதே மலையில் புதைக்கப்பட்டவள் மட்டும் நாடோடி!

சட்டம் படித்த நண்பர்கள் எனக்கு மறுப்பெழுதுவார்கள் என்று தெரியும். கப்பல் வழக்கில் பேசப்பட்டது போர்க்கால வணிகத் தன்மை, பிரசாவுரிமை வேறு, ஒரு நாடு தன் பிரசை யாரென்று தீர்மானிக்க உரிமையுண்டு என்பார்கள். ஒப்புக்கொள்கிறேன். இரண்டும் வேறு வேறு சட்டங்கள். ஸ்கொட்டின் தீர்ப்பு பிரிவிக் கவுன்சிலைக் கட்டுப்படுத்தியது என்று நான் வாதாடவில்லை. நான் கேட்பது வேறு. ஒருவன் ஓரிடத்துக்கு உரியவனாவது எப்படி என்ற மனித உண்மையை அந்த மரபு அறிந்திருந்தது; எழுதியும் வைத்திருந்தது. பறிப்பதற்குப் பயன்பட்டபோது அந்த உண்மையை எடுத்துக்கொண்டது. கொடுக்க வேண்டி வந்தபோது மட்டும் ஏன் மறந்துபோயிற்று? அறியாமையை மன்னிக்கலாம். வசதிக்கேற்ற மறதியை மன்னிக்க முடியாது.

பிறகு நடந்தது கைப்பற்றிய சரக்கைப் பங்கிட்ட கதை. 1964 ஒக்ரோபரில் சிறிமாவும் சாஸ்திரியும் 9,75,000 பேரைக் கணக்கிட்டார்கள். இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மீதி 1,50,000 பேர் பிறகு பார்த்துக்கொள்ள. 1974இல் அந்த மீதியும் சரிபாதியாக வெட்டப்பட்டது. சரக்குக்கு உரியவன் வந்து வழக்காடலாம் என்ற விதிகூட இங்கே இல்லை. இங்கே சரக்கே மனிதர்கள். அவர்களை யாரும் கேட்கவில்லை. எஞ்சிய நாடற்றவர்களின் பிரச்சினை தீர 1988, 2003 ஆண்டுகளின் சட்டங்கள்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

யாழ்ப்பாணத்துத் தலைமைக்கும் இதில் பங்குண்டு. 1948 சட்டத்தை எதிர்த்து வாக்களித்த ஜி. ஜி. பொன்னம்பலம், அமைச்சரான பின் பதிவுச் சட்டத்தை ஆதரித்தார். செல்வநாயகம் பிரிந்து சென்று 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். வரலாற்றில் இரண்டும் பதிவாகியிருக்கின்றன.

கடல் கடந்து வாழும் வாசகர்களே, உங்களிடமும் ஒரு வார்த்தை. கனடாவில் ஐந்தாண்டுக்குள் 1,095 நாள் வாழ்ந்து காட்டினால் பிரசாவுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். வேலைக்கு வந்தவனா, குடியிருக்க வந்தவனா என்று அங்கே உங்களை எவரும் குடைவதில்லை. அந்த நீதியை நுகர்ந்துகொண்டே, ஊவாவின் மக்களை ‘தோட்டக்காட்டார்’ என்று நாவில் உருட்டாதீர்கள்.

வாக்கு கிடைத்துவிட்டதே, இன்னும் என்ன குறை என்று கேட்போர் உண்டு. காணிதான் குறை. பலருக்கு இன்னும் லயக் காம்பராவே வீடு. அது நிற்கும் மண்ணுக்கு அவர்களிடம் உறுதி இல்லை. 2014 ஒக்ரோபர் 29ஆம் திகதி காலை, கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. ஆபத்தான இடம் என்று முன்பே எச்சரிக்கப்பட்ட இடம் அது. ஏன் போகவில்லை என்று அப்போது பலர் கேட்டார்கள். போவதற்கு வேறு துண்டு நிலம் யாரிடம் இருந்தது? சொந்தக் காணி உள்ளவனுக்குச் சொன்னால்தான் எச்சரிக்கை. மற்றவனுக்கு அது வெறும் செய்தி.

அந்த ஓய்வுபெற்ற அதிகாரிக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். ஐயா, சட்டத்தில் வேறுபாடு உண்டு என்றீர்கள். சரி, சட்டத்தையே வைத்துப் பேசுவோம். மறேக்கு நான்கு ஆண்டு. எங்களுக்கு நூறு ஆண்டு எப்போதோ கடந்துவிட்டது. எங்களுடைய காலத்தை எண்ணிப் பாருங்கள். எண்ணி முடித்ததும் காணி உறுதியில் கையொப்பமிடுங்கள்.