எவ்வளவு சம்பளம் எதிர்பார்க்கிறீர்?

வேலை கொடுப்பவர் இப்படிக் கேட்டதும் நம்மவரிற் பலருக்கு வரும் பதில் ஒன்றுதான்: "நீங்கள் தருவதைத் தாருங்கள்." 1980களில் பார்க் எக்ஸ்டென்ஷனிலிருந்து ஷபனெல் வீதித் தையற்சாலைகளுக்கு வேலை தேடிப் போனவர்களும் இதைத்தான் சொன்னார்கள், இன்று கணக்கியற் பட்டத்தோடு போகும் பிள்ளைகளும் இதையே சொல்கிறார்கள். அடக்கமென்று எண்ணிச் சொல்லும் வார்த்தை, கேட்பவருக்கு "இவருக்குத் தன் வேலையின் விலை தெரியாது" என்றே படுகிறது.

கூச்சம் மட்டும் இதற்குக் காரணமன்று. இலங்கையில் அரச உத்தியோகத்துக்கு விண்ணப்பம் கோரும்போதே சம்பளத் திட்டம் வர்த்தமானியில் அச்சாகிவிடும். தொடக்கச் சம்பளம் இவ்வளவு, வருடாந்த ஏற்றம் இவ்வளவு, வினைத்திறன்காண் தடை இந்த இடத்தில் என்று எல்லாம் முன்னரே தீர்ந்த காரியம். எழுதுவினைஞரோ ஆசிரியரோ கந்தோரில் பேரம் பேசியதில்லை, பேச இடமுமில்லை. மீன் சந்தையில் ஐந்து சதத்துக்கு மல்லுக்கட்டியவர் சம்பள விஷயத்தில் ஊமையானதில் வியப்பென்ன?

இங்கே வர்த்தமானிக்கு ஓரளவு ஈடாக இருப்பது கனடா அரசின் ஜொப் பாங்க். தொழிலின் பெயரையும் மொன்றியலையும் கொடுத்தால் மணித்தியாலச் சம்பளத்தின் குறைந்தது, நடுத்தரம், கூடியது மூன்றையும் காட்டும். நேர்முகத்துக்குப் போகுமுன் அந்த மூன்றும் மனதில் இருக்கவேண்டும். ஊரில் வாங்கிய சம்பளத்தை ரூபாவிலிருந்து டொலருக்கு மாற்றிச் சொல்பவர்களும் உண்டு. அதைப்போலத் தன் தலையில் தானே மண் போடும் வேலை வேறில்லை.

ஒரு டொலர் என்ன பெரிதென்று விட்டுவிடுகிறார்கள். வாரம் 40 மணித்தியாலம், ஆண்டுக்கு 52 வாரம்: 2,080 டொலர். மேலதிக நேரத்தின் ஒன்றரை மடங்கும், விடுமுறைச் சம்பளமும், பின்னால் வரும் உயர்வுகளும் அந்தத் தொடக்க எண்ணின்மேலேதான் ஏறும்.

"அண்ணை, கூடக் கேட்டால் வேலையே போய்விடாதோ?" என்று புதிதாக வந்த இளைஞர் ஒருவர் ஜோன் தலோன் வீதிக் கடையொன்றில் கேட்டார்.

"தம்பி, ஆளைத் தெரிந்த பிறகுதான் பெரும்பாலும் சம்பளக் கதை வரும். ஒரு டொலருக்காகத் திரும்பவும் ஆள் தேட எந்த முதலாளிக்கு விருப்பம்? உடனே தலையாட்டாதை. ஒரு நாள் தவணை கேள். இயலாதென்றால், மூன்று மாதத்தின் பின் கூட்டித் தருவதாகக் கடிதத்திலே எழுதச் சொல். வாயாற் சொன்னது மூன்றாம் மாதம் ஒருவருக்கும் ஞாபகமிராது."

பேசவே இடமில்லாத வேலைகளும் உண்டு. அங்கே துணை சட்டந்தான். கியூபெக்கின் குறைந்தபட்சச் சம்பளம் 2025 மே 1 இல் 16.10 டொலராக உயர்ந்தது. மே மாதந்தோறும் புதிய தொகையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். தையற்சாலையில் துண்டுக்கூலி பேசினாலும் மணித்தியாலக் கணக்கு அதற்குக் கீழே இறங்க முடியாது. "இரண்டு நாள் செய்து காட்டு, பிறகு பார்ப்போம்" என்றால் அந்த இரண்டு நாளுக்கும் சம்பளம் உண்டு. கடித உறையிற் காசாகத் தருவது குற்றமன்று. ஆனால் சம்பளத் தாள் கூட வரவேண்டும். தாள் இல்லாமற் கணக்கில் வராத காசு, வேலை போனபின் காப்புறுதி கேட்கும்போதும், 65 வயதில் கியூபெக் ஓய்வூதியம் கேட்கும்போதும் இல்லாத காசுதான். கொடாத சம்பளத்துக்கு முறையிட ஓராண்டு தவணை உண்டு. அதுவரை எந்த நாள் எத்தனை மணிக்குப் போய் எத்தனை மணிக்கு வந்தது என்று ஒரு கொப்பியில் எழுதி வைத்திருப்பது நல்லது.