புகார் வரவில்லை என்றால் பாதிப்பே இல்லையா?

தோழர்களே, 14 வயதுச் சிறுமிகளுக்கு எச்.பி.வி. தடுப்பூசியை இலவசமாகப் போடப்போவதாக 2025 நிதிநிலை அறிக்கையில் தமிழ்நாடு அரசு அறிவித்தது. அன்றிலிருந்து நம் வாட்ஸ்அப் குழுக்களில் இரண்டு குரல்கள் மோதிக்கொண்டிருக்கின்றன. "நம்ம பிள்ளைகளைச் சோதனை எலி ஆக்கப் பாக்குறாங்க, போடவிடாதீங்க" என்கிறது ஒன்று. "உலகமே போட்டுக்கொள்கிறது, கேள்வி கேட்பவர்கள் அறிவியல் விரோதிகள்" என்கிறது மற்றொன்று. இரண்டையும் நாங்கள் ஏற்கவில்லை.

கருப்பைவாய்ப் புற்றுநோய் யாரைக் கொல்கிறது என்று நமக்குத் தெரியும். வயல்வேலைக்கும் துப்புரவு வேலைக்கும் போகிற பெண்கள், ரத்தப்போக்கை மாதக்கணக்கில் மறைத்து, ஒருநாள் கூலி போய்விடுமே என்று ஆஸ்பத்திரியைத் தள்ளிப்போட்டு, முற்றிய பிறகே வந்து சேர்கிறார்கள். அந்தப் புற்றுநோயைத் தடுக்கிற ஊசி பணக்கார வீட்டுப் பெண்களுக்குத் தனியார் மருத்துவமனையில் எப்போதோ கிடைக்க ஆரம்பித்துவிட்டது. அது நம் காலனிக்கும் வரவேண்டும், இலவசமாக வரவேண்டும். ஆனால் போட்ட பிறகு என்ன ஆனது என்று கண்காணிக்கிற ஏற்பாடும் ஊசியோடு சேர்ந்து வரவேண்டும். இதைச் சொன்னால் நம்மைத் தடுப்பூசி எதிர்ப்பாளர்கள் என்கிறார்கள். அப்படிச் சொல்பவர்கள் கம்மம் கதையைப் படிக்கட்டும்.

2009-இல் அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வடோதரா மாவட்டத்திலும் 10 முதல் 14 வயதுச் சிறுமிகளுக்கு இதே எச்.பி.வி. தடுப்பூசி போடப்பட்டது. நடத்தியது பாத் என்ற அமெரிக்கத் தொண்டு நிறுவனம், பணம் கேட்ஸ் அறக்கட்டளையுடையது, கூட நின்றது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம். கம்மத்தில் மட்டும் சுமார் 14,000 சிறுமிகள். பெரும்பகுதி பழங்குடிகளும் தலித்துகளும். ஊரில் பெற்றோரை விட்டுவிட்டு ஆசிரம விடுதிகளில் தங்கிப் படித்த பிள்ளைகள் அதில் ஏராளம். ஏழு சிறுமிகள் இறந்தார்கள், ஆந்திரத்தில் ஐவர், குஜராத்தில் இருவர். பெண்கள் அமைப்புகள் போராடிய பிறகு 2010 ஏப்ரலில் திட்டம் நிறுத்தப்பட்டது.

2013 ஆகஸ்டில் நாடாளுமன்ற நிலைக்குழு தன் 72ஆவது அறிக்கையில் இதைத் துருவியது. ஆந்திரத்தின் 9,543 ஒப்புதல் படிவங்களில் 1,948 கைநாட்டு. 2,763 படிவங்களில் கையெழுத்துப் போட்டவர்கள் விடுதிக் காப்பாளர்கள். தாய்தகப்பன் உயிரோடு ஊரில் இருக்க, பிள்ளையின் உடம்புக்கு வார்டன் ஒப்புதல் கொடுக்கிறார். 'இது மருந்துச் சோதனையே இல்லை, செயல்விளக்கத் திட்டம்தான்' என்ற வாதத்தையும் குழு ஏற்கவில்லை. பெயரை மாற்றிவிட்டால் விதிகளிலிருந்து தப்பிவிடலாம் என்பது அதிகாரத்தின் பழைய தந்திரம்.

இங்கே நிதானமாக யோசிக்க வேண்டிய ஓர் இடம் இருக்கிறது. அரசு அமைத்த விசாரணைக் குழு, மரணங்களுக்கும் தடுப்பூசிக்கும் தொடர்பு இருக்க வாய்ப்பில்லை என்றது. பாம்புக்கடி, மலேரியா, நீரில் மூழ்கியது, விஷம் குடித்தது என்று காரணங்கள் பதிவாகியிருந்தன. அந்த முடிவு சரியாகவே இருக்கலாம். ஊசியால்தான் இறந்தார்கள் என்று நாங்கள் சொல்லவில்லை, நீங்களும் சொல்லாதீர்கள். ஆனால் ஒரு மரணம் ஊசியால் வந்ததா இல்லையா என்று சொல்ல வேண்டுமென்றால், அதே பகுதியில் அதே வயதில் ஊசி போடாத பிள்ளைகளில் எத்தனை பேர் சாதாரணமாக இறக்கிறார்கள் என்ற கணக்கு வேண்டும். உடற்கூறாய்வு வேண்டும், ஒழுங்கான பதிவேடு வேண்டும். கம்மத்தில் பாதகமான விளைவுகளைப் பதிவுசெய்யும் ஏற்பாடே பலவீனமாக இருந்தது என்பதுதான் அந்த அறிக்கைகளின் சாரம். கணக்கே எழுதாதவர்கள் 'கணக்கு சரி' என்று சொன்னால் நாம் எதை வைத்து நம்புவது? பன்னிரண்டு வயதுப் பிள்ளை மலேரியாவிலும் பாம்புக்கடியிலும் சாகிற விடுதிகளை யார் நடத்துகிறார்கள் என்ற கேள்வியோ எந்த அறிக்கையிலும் தலைப்பாகவில்லை.

அதே 2013-இல் இன்னொரு ஆய்வு வெளியானது. டென்மார்க்கிலும் சுவீடனிலும் ஏறத்தாழ பத்து லட்சம் சிறுமிகளின் மருத்துவப் பதிவேடுகளை எடுத்து, எச்.பி.வி. தடுப்பூசி போட்டுக்கொண்ட சுமார் மூன்று லட்சம் பேரை மற்றவர்களோடு ஒப்பிட்டார்கள். தன்னெதிர்ப்பு நோய்களோ நரம்பு நோய்களோ ரத்தம் உறைவதோ ஊசியால் கூடியதற்குச் சான்று இல்லை என்று தெரிந்தது. இன்று இந்த ஊசி பாதுகாப்பானது என்று உலகம் சொல்வதும் நாங்கள் அதை நம்புவதும் இப்படிப்பட்ட கணக்குகளால்தான். அங்கே ஒரு சிறுமி பிறந்தது முதல் அவள் ஆஸ்பத்திரிக்குப் போன ஒவ்வொரு முறையும் பதிவாகிறது. இங்கே அவள் செத்தது எதனால் என்பதே சரியாகப் பதிவாகவில்லை. இரண்டு இடத்திலும் ஊசி ஒன்றுதான்.

உலகளாவிய கண்காணிப்பு எப்படி வந்தது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 1957 முதல் ஜெர்மனியில் விற்ற தாலிடோமைடு என்ற மாத்திரையைக் கர்ப்பிணிகள் வாந்திக்கும் தூக்கத்துக்கும் விழுங்கினார்கள். பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் கைகால் குறைபாடுகளோடு பிறந்தார்கள். ஆங்காங்கே மருத்துவர்கள் கண்டதை ஒன்றாகச் சேர்த்துப் பார்க்க ஆளில்லாமல் நான்கு ஆண்டுகள் போயின. அதன் பிறகுதான் 1968-இல் உலக சுகாதார நிறுவனம் பத்து நாடுகளோடு பன்னாட்டு மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தைத் தொடங்கியது. 1978 முதல் சுவீடனின் உப்சாலா நகரத்து மையம் அதை நடத்துகிறது. இன்று 150க்கும் மேற்பட்ட நாடுகள், மூன்று கோடிக்கும் மேல் அறிக்கைகள். இந்தியாவின் மருந்துக் கண்காணிப்புத் திட்டம் 2010-இல் தொடங்கியது, காசியாபாத்திலிருந்து நடக்கிறது.

இந்த எந்திரம் முழுக்க ஒரே ஒரு செயலை நம்பியிருக்கிறது. யாரோ ஒருவர், 'இந்த மருந்துக்குப் பிறகு இவருக்கு இப்படி ஆனது' என்று ஒரு படிவத்தை நிரப்ப வேண்டும். அதற்கு நோயாளி பேச வேண்டும், டாக்டர் காதுகொடுக்க வேண்டும். ஆரம்ப சுகாதார நிலைய வரிசையில் நூறு பேர் நிற்கும்போது நம் அம்மாக்களுக்குக் கிடைப்பது அரை நிமிடம். அட்டையிலிருந்து வெட்டி, பேர் இல்லாமல், காகிதக் கவரில் போட்டுக் கொடுக்கிற மாத்திரை. 'காலையில வெள்ளை, ராத்திரி மஞ்சள்' என்பதுதான் மருந்துச் சீட்டு. மருந்தின் பெயரே தெரியாதவர் எதைப் பற்றி அறிக்கை கொடுப்பார்? பிறகு கணினியில் தேடினால் அந்த வட்டாரத்திலிருந்து புகார் பூஜ்யம். பூஜ்யத்தைப் பார்த்தவர்கள் பாதுகாப்பு என்று படிக்கிறார்கள்.

காசநோயைப் பாருங்கள். மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய்க்குப் பல ஆண்டுகள் கானாமைசின் ஊசியை மாதக்கணக்கில் போட்டார்கள். நிறைய பேருக்குக் காது போனது. இது பாடப்புத்தகத்திலேயே உள்ள பக்கவிளைவு, ரகசியம் ஒன்றும் இல்லை. இருந்தும் 2018-இல்தான் கானாமைசினை இனிப் பயன்படுத்த வேண்டாம் என்றது உலக சுகாதார நிறுவனம். நெரிசலான ஒற்றை அறை வீட்டில் வாழ்கிறவர்களின் நோய் என்பதால்தான் அந்தக் காதுகளுக்கு இத்தனை ஆண்டு பொறுமை காட்டப்பட்டது என்று நாங்கள் நினைக்கிறோம்.

கேள்வி கேட்கும் உரிமையும் இங்கே சாதிப்படிதான் பங்கிடப்பட்டிருக்கிறது. 2021 ஜனவரி 16 அன்று டெல்லி எய்ம்ஸில் கேமராக்களின் முன் கோவிட் தடுப்பூசி போட்டுக்கொண்ட முதல் மனிதர் ஒரு துப்புரவுத் தொழிலாளி. போட்டது கோவாக்சின், அப்போது அதன் மூன்றாம் கட்டச் சோதனை முடிந்திருக்கவில்லை. அதே நாள், அதே டெல்லியில் ராம் மனோகர் லோகியா மருத்துவமனையின் உறைவிட மருத்துவர்கள், சோதனை முழுமையடையாததால் தயக்கம் இருக்கிறது, கோவிஷீல்டு கொடுங்கள் என்று நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதினார்கள். டாக்டர்கள் கேட்டால் அது 'தயக்கம்'. அதே கடிதத்தை ஒப்பந்தத் துப்புரவுப் பணியாளர்கள் எழுதியிருந்தால் மறுநாள் வேலை இருந்திருக்குமா?

நம்மை நம்பவைக்காமல் செய்கிற வேலை கடைசியில் நம் பிள்ளைகளையே கொல்லும். நைஜீரியாவின் கானோவில் 1996-இல் மூளைக்காய்ச்சல் பரவியபோது ஃபைசர் நிறுவனம் டிரோவன் என்ற புது மருந்தை 200 குழந்தைகளை வைத்துச் சோதித்தது. பாதிப் பேருக்கு இது, மீதிப் பேருக்கு வழக்கமான மருந்து. 11 குழந்தைகள் இறந்தார்கள். தன் மருந்து காரணம் இல்லை என்றது நிறுவனம், முறையான ஒப்புதலே வாங்கவில்லை என்றார்கள் பெற்றோர்கள். 2009-இல் 7.5 கோடி டாலருக்குச் சமரசம் முடிந்தது. அதற்குள் 2003-இல் கானோ மாநிலம் போலியோ சொட்டுமருந்தையே நிறுத்திவைத்துவிட்டது. அந்தப் புறக்கணிப்புக்கு வேறு அரசியலும் காரணம்தான், ஆனால் டிரோவன் விட்ட காயம் அதற்கு உரம் போட்டது. கானோவிலிருந்து கிளம்பிய போலியோ பல நாடுகளுக்குப் பரவியது. நம் குழுக்களில் 'போடவிடாதீங்க' என்று பகிர்கிற தோழர்கள் இந்தக் கடைசிப் பகுதியையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

மருத்துவத்தில் நாமே முன்னோடி என்று மார்தட்டுகிற தமிழ்நாட்டுக்கும் ஒரு வார்த்தை. 2025 செப்டம்பரில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் குழந்தைகள் சிறுநீர் நின்று, கிட்னி செயலிழந்து செத்தார்கள். இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள். குடித்தது கோல்ட்ரிஃப் இருமல் மருந்து. தயாரித்தது காஞ்சிபுரம் மாவட்டத்து ஸ்ரீசன் பார்மா. நம் மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை சோதித்தபோது டை எத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு 48.6 சதவீதம் இருந்தது. அதே துறை சாவுக்குப் பிறகு உள்ளே போய்ப் பார்த்தபோது 300க்கும் மேற்பட்ட விதிமீறல்கள். அவ்வளவும் ஒரே ராத்திரியில் முளைத்தவையா? 1937-இலேயே அமெரிக்காவில் நூறு பேருக்கு மேல் கொன்ற அதே நச்சு இது. 2022-இல் காம்பியாவில் குழந்தைகளைக் கொன்றபோது உலக சுகாதார நிறுவனம் எச்சரித்ததும் இதைப் பற்றித்தான். எச்சரிக்கை ஜெனீவாவிலிருந்து சுங்குவார்சத்திரம் வரை வந்து சேர மூன்று ஆண்டுகள் போதவில்லை.

இப்போது எச்.பி.வி. திட்டத்துக்கு வருவோம். நாம் கேட்க வேண்டியவை இவை. ஆதிதிராவிடர் நல விடுதிகளிலும் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளிலும் காப்பாளர் கையெழுத்து செல்லாது என்று அரசாணை வேண்டும். பெற்றோரை வரவழைத்து, பயணச் செலவும் ஒருநாள் கூலியும் கொடுத்து, தமிழில் விளக்கி ஒப்புதல் வாங்கட்டும். ஊசி போட்ட பிறகு பாதிப்பு என்று வருகிற ஒவ்வொரு தீவிர நிகழ்வின் விசாரணை முடிவும், பிள்ளையின் பெயர் இல்லாமல், மாவட்டவாரியாக வெளியிடப்பட வேண்டும். அந்தப் புள்ளிவிவரத்தில் சமூகப் பிரிவும் இருக்க வேண்டும். மருந்துப் பக்கவிளைவுப் படிவம் வயது கேட்கிறது, பாலினம் கேட்கிறது, எடை கேட்கிறது, சாதி கேட்பதில்லை. 'மருந்துக்குச் சாதி தெரியுமா?' என்று சிலர் நக்கலடிப்பார்கள். மருந்துக்குத் தெரியாது, ஆஸ்பத்திரிக்குத் தெரியும். தனிநபர் படிவத்தில் சாதியை எழுதினால் அதுவே ஆபத்தாகலாம் என்று நம் தோழர்களிலேயே சிலர் சொல்கிறார்கள். நியாயமான பயம். அதனால்தான் தொகுத்த கணக்கில் மட்டும் கேட்கிறோம்.

அரசு செய்யும்வரை நாம் சும்மா இருக்கவும் வேண்டியதில்லை. பக்கவிளைவைத் தெரிவிக்க டாக்டராக இருக்கத் தேவையில்லை. நோயாளியே தெரிவிக்கலாம், பொதுமக்களுக்கான படிவம் தமிழிலும் இருக்கிறது. 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணிலும் சொல்லலாம். மருந்துதான் காரணம் என்று நிரூபிக்க வேண்டிய பொறுப்பு நமக்கு இல்லை, சந்தேகம் போதும். யாருக்கு, எந்த மருந்தால், என்ன ஆனது, சொல்வது யார் என்ற நான்கும் இருந்தால் அது அறிக்கை. பல அரசு மருத்துவக் கல்லூரிகளின் மருந்தியல் துறையில் இதற்கென்றே மையம் இருக்கிறது. மருத்துவம், செவிலியர், மருந்தாளுநர் படிக்கிற நம் மாணவர்கள் முதலில் அதன் கதவைத் தட்டட்டும். மற்றவர்கள் இந்த வாரம் தங்கள் தெருவில் சர்க்கரைக்கும் பிரஷருக்கும் டி.பி.க்கும் மாத்திரை வாங்குகிறவர்களிடம் ஒன்று சொல்லுங்கள்: அட்டையைத் தூக்கிப் போடாதீர்கள், பேரும் பேட்ச் நம்பரும் தெரிகிற பக்கத்தை வெட்டாமல் கேட்டு வாங்குங்கள். கவுண்டரில் முறைப்பார்கள். முறைத்தால் கூட இருவர் போய் நில்லுங்கள்.