கட்டடக்கலைஞராகும் பாதை பதின்மூன்று வயதில் தொடங்குகிறது

பலெர்மோவில் தமிழர் வாழத் தொடங்கி ஒரு தலைமுறைக்கு மேலாகிவிட்டது. வீட்டுப்பணியிலும் முதியோர் பராமரிப்பிலும் இளமையைச் செலவிட்ட பெற்றோரின் பிள்ளைகள் இன்று இந்நகரின் பாடசாலைகளில் இத்தாலிய மொழியிலேயே கற்கின்றனர். வரைவதிலும் கணிதத்திலும் ஆற்றலுள்ள பிள்ளையைக் காணும்போது, "இவன் பெரிய கட்டடங்கள் கட்டுவான்" என்று பெற்றோர் பெருமை கொள்வது இயல்பே. ஆனால் அந்தப் பெருமை தொழில் உரிமமாக மாற, உரிய நேரத்தில் உரிய தகவல் வேண்டும்.

இலங்கையில் க.பொ.த. உயர்தரமே பிள்ளையின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கும் என்று அறிந்து வளர்ந்தவர்கள் இப்பெற்றோர். இத்தாலியிலோ முதல் திருப்புமுனை தெர்சா மேடியா வகுப்பிலேயே, அதாவது பதின்மூன்று, பதினான்கு வயதிலேயே வந்துவிடுகிறது. ஐந்தாண்டு மேல்நிலைக் கல்வியின் இறுதியில் பெறும் மத்துரித்தா சான்றிதழே பல்கலைக்கழகத்தின் திறவுகோல். லிச்சேயோவாயினும் கட்டுமானப் பிரிவுள்ள தொழில்நுட்பப் பாடசாலையாயினும் தடையில்லை. மூன்றாண்டுத் தொழிற்பயிற்சிச் சான்றிதழ் மட்டும் போதாது. பாடசாலை வழங்கும் வழிகாட்டல் கடிதம் ஆலோசனையே தவிர கட்டளை அன்று. இறுதி முடிவு குடும்பத்துக்கே உரியது.

அடுத்த படி பல்கலைக்கழகம். பலெர்மோ பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலைத் துறை வியாலே தெல்லே ஷியென்ட்சே வளாகத்தில் உள்ளது. ஐந்தாண்டுக் கட்டடக்கலைப் பட்டத்துக்கு இடங்கள் வரையறுக்கப்பட்டவை. நுழைவுத் தேர்வும் உண்டு. மூன்றாண்டுப் பட்டத்துடன் நிறுத்துவோர் தொழிற்பதிவேட்டின் 'பி' பிரிவில், இளநிலைக் கட்டடக்கலைஞராக மட்டுமே பதிவு பெறலாம். எளிய கட்டடங்களுக்கு அப்பால் அவர்களது உரிமை பெரிதும் குறுகியது. 2001ஆம் ஆண்டின் 328ஆம் இலக்க ஆணையே இப்பிரிவினையை வகுத்தது.

பட்டம் பெற்றவுடன் ஒருவர் கட்டடக்கலைஞர் ஆகிவிடுவதில்லை. தொழில் உரிமத்துக்கு அரசுத் தேர்வு வேண்டும் என்பது இத்தாலிய அரசியலமைப்பின் 33ஆம் உறுப்புரை. அதில் தேறி, மாகாணக் கட்டடக்கலைஞர் சங்கமான 'ஓர்டினே'யில் பதிவு செய்தபின்னரே கட்டடக்கலைஞர் என்ற பெயரில் வரைபடத்தில் கையொப்பமிட முடியும்.

உள்ளகப் பயிற்சியில் நாட்டுக்கு நாடு வேறுபாடுண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் நெறிமுறை, ஐந்தாண்டுக் கல்வியையோ, நான்காண்டுக் கல்வியுடன் ஈராண்டுப் பயிற்சியையோ குறைந்த அளவாகக் கொள்கிறது. இத்தாலி முதல் வழியைப் பின்பற்றுவதால், பட்டத்துக்குப் பின் நீண்ட கட்டாயப் பயிற்சி இல்லை. பிரித்தானியாவிலோ 24 மாத நடைமுறை அனுபவம் மரபாகக் கோரப்பட்டு வந்தது. இத்தாலியக் கடவுச்சீட்டுடன் இலண்டனுக்கு இடம்பெயர எண்ணும் குடும்பங்கள் இதைக் கருத்திற் கொள்ள வேண்டும். 2020ஆம் ஆண்டின் இறுதியோடு பிரித்தானியா அந்த ஒன்றிய நெறிமுறையிலிருந்து விலகிவிட்டது.

பயிற்சி கட்டாயமில்லை என்பதால் அது தேவையில்லை என்று பொருளன்று. அனுபவமுள்ள ஒருவரின் பணியகத்தில் கழிக்கும் தொடக்க ஆண்டுகளே தொழிலைக் கற்பிக்கின்றன. அந்த ஆண்டுகளில் வருமானம் சொற்பம். "படித்து முடித்தும் உழைப்பில்லையே" என்று பெற்றோர் மனம் தளரும் இடமும் இதுவே.

பணமின்மை மட்டுமே தடையாகிவிடக் கூடாது. குடும்பப் பொருளாதார நிலையைக் காட்டும் ஈசே மதிப்பு 22,000 யூரோவைத் தாண்டாதோருக்கு, உரிய நிபந்தனைகளுடன், அரச பல்கலைக்கழகங்களில் ஆண்டுக் கட்டண விலக்கு 2021ஆம் ஆண்டின் ஆணையால் விரிவாக்கப்பட்டது. பலெர்மோவின் எர்சு அமைப்பு உதவித்தொகையும் விடுதியும் வழங்குகிறது. இத்தாலியில் பிறந்து இடையறாது வாழ்ந்த பிள்ளைகள், பதினெட்டு வயது நிறைந்து ஓராண்டுக்குள் குடியுரிமை கோர வேண்டும் என்பதையும் மறத்தலாகாது.

1959இல் திறக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தை வடிவமைத்தவர் சென்னையைச் சேர்ந்த கட்டடக்கலைஞர் நரசிம்மன். 1981இல் அது எரிக்கப்பட்டபின் மீள எழுப்பவும் துறைசார்ந்தோரே தேவைப்பட்டனர். இழந்ததை மீளக் கட்டவேண்டிய இனத்துக்கு இத்துறை ஆடம்பரம் அன்று.

தெர்சா மேடியா பிள்ளைகளின் மேல்நிலைப் பதிவு குளிர்காலத்திலேயே நடைபெறுகிறது. அதற்கு முன்னதாகப் பலெர்மோவின் தமிழ்ப் பாடசாலைகளும் ஆலயங்களும் சங்கங்களும் தமிழில் ஒரு வழிகாட்டல் கூட்டத்தையேனும் நடத்தவேண்டும். பல்கலைக்கழகம் கண்ட இளையோர் அங்கு வந்து பேசவேண்டும். வேலை நேரத்தை மாற்றிக்கொண்டாவது பெற்றோர் வந்து கேட்கவேண்டும்.